அறுபத்தைந்தாவது அட்டை

லோத்குண்டா, செகந்திராபாத்
16-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுபா எழுதுகிறேன். நீயும் மாமாவும் ஹர்ஷிதாவும் சுகமா? உன் முட்டி வலி தேவலையா? இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். இவருக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், விடியும்போதே ஏ.எஸ்.ராவ் நகர் கிளம்பிவிடுகிறார். ஸ்ரேயாவைக் கூப்பிட்டு, "பெரியம்மாவுக்கு ரெண்டு வரி எழுது" என்றேன். "நக்கோ மம்மி" என்று ஓடிவிட்டாள்; இந்த ஊர்ப் பேச்சில் 'வேண்டாம்' என்று அர்த்தம். அவள் விசாரிப்பாக அதையே வைத்துக்கொள்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். எந்தப் போன் வந்தாலும் மாமா ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து நடுவில் வைத்துவிடுகிறார். போன வாரம் என் வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, 'மார்பகம்' என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். பால்காரர் என்று நினைக்கிறேன். இனி இப்படியே பேசிக்கொள்வோம்.

சொல்ல வந்தது இதுதான். பதினான்கு வருஷம் கேன்சர் வார்டில் நர்ஸாக இருந்தேன், உனக்குத் தெரியும். வந்தவர்களில் பாதிப் பேர் நேரம் கடந்து வந்தவர்கள். இப்போது சேர்ந்திருக்கும் தொண்டு நிறுவனத்தில் வேலையே வேறு. அவர்கள் வருவதற்கு முன் நாங்கள் போகிறோம். சித்திப்பேட்டை சாலையில் பன்னிரண்டு கிராமங்கள், ஊருக்கு இரண்டு பெண்கள், மொத்தம் இருபத்து நான்கு தன்னார்வலர்கள். எட்டு நாள் பயிற்சி முடித்துவிட்டேன். டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பது, புகையிலையை விடச் சொல்வது, கட்டி இருந்தால் கண்டுபிடிப்பது. துணியில் மார்பகம் தைத்து உள்ளே ஒரு கொண்டைக்கடலையை வைத்திருந்தேன். முதல் நாள் ஒரே சிரிப்பு. மறுநாள் ஒவ்வொருத்தியின் விரலும் அந்தக் கடலையில் போய் நின்றபோது ஒருத்தியும் சிரிக்கவில்லை.

முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அட்டை, பதினோரு கேள்வி. கேள்வியை அப்படியே படிக்க வேண்டும், சொன்ன பதிலை அப்படியே எழுத வேண்டும். நோய் என்ன என்று முடிவுகட்டுவது அவர்கள் வேலை இல்லை. சந்தேகம் வந்தால் முகாமுக்குக் கூட்டிவர வேண்டும், அவ்வளவுதான். ஸ்ரீஜா என்று ஒரு பெண். இருபத்து மூன்று வயது, போன வருஷம்தான் கல்யாணமாகி அந்தப் பன்னிரண்டில் ஓர் ஊருக்கு வந்தவள். அவள்தான் இருபத்து நான்கு பேரில் கெட்டி.

எங்கள் கையேட்டை ஓசூர் கிளைக்காகத் தமிழிலும் போடுகிறோம். நான் எழுதிய பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். முப்பது வருஷமாகத் தமிழ் வாத்தியார் நீ. பிழை பார்த்துத் தா.

உன் தங்கை,
சுபாஸ்ரீ


வெள்ளகோவில்
2-7-2024

சுபா கண்ணுவுக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை விடியலில் வெறும் வயிற்றோடு போகாமல் பார்த்துக்கொள். ஸ்ரேயாவின் ஒரு சொல் கடிதத்தில் பிழை எதுவும் இல்லை என்று சொல்.

இங்கே நல்ல செய்தி. ஹர்ஷிதாவுக்குக் காங்கயத்தில் இடம் அமைந்திருக்கிறது. பையன் கோவையில் சாஃப்ட்வேர். அவன் அம்மா கொஞ்சம் கறார். பெண் பார்க்க வந்தபோதே நம் வீட்டில் யாருக்கு என்ன நோய், யார் எதில் போனார்கள் என்று இரண்டு தலைமுறைக்கு விசாரித்துவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு மாரடைப்பு என்றேன். 'அதெல்லாம் எல்லா ஊட்லயும் இருக்கறதுதானுங்' என்று திருப்தியானார். தையில் கல்யாணம்.

கையேட்டைப் படித்தேன். ஒற்றுப்பிழைகள் நாற்பதைத் திருத்தியிருக்கிறேன். பதினோராம் பக்கத்தில் ஒரு வாக்கியம் எனக்குச் சரியாகப் படவில்லை. 'மாதவிடாய் நின்றபின் எந்த இரத்தப்போக்கு ஏற்பட்டாலும் உடனே காட்ட வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய். 'எந்த' என்ற சொல் மிகையாக இல்லையா? ஒன்றிரண்டு துளி, எப்போதாவது, உடல் சூட்டினாலும் வரக்கூடும் அல்லவா? படிக்கிற பெண்கள் வீணாகப் பயந்துவிடுவார்கள். 'மிகுதியான' என்று மாற்றலாமா?

முட்டி வலி பரவாயில்லை. மற்றபடி எனக்கென்ன, கல் மாதிரி இருக்கிறேன்.

ருக்மிணி


லோத்குண்டா
21-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஹர்ஷிதாவின் செய்தி கேட்டு இவரும் நானும் ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டோம். காங்கயத்துச் சம்பந்தியம்மாவிடம் நீ பட்டபாடு புரிகிறது.

'எந்த' என்ற சொல்லை மாற்றக் கூடாது அக்கா. நின்றபின் ஒரு துளி வந்தாலும் பார்க்கத்தான் வேண்டும். பயப்படுவதற்காக இல்லை. ஆரம்பத்திலேயே வந்தால் அனேகமாகக் குணமாகிவிடும், அதற்காக. அந்த வாக்கியத்தை மட்டும் தொடாதே.

இனி சொல்லப்போவதை யாரிடமும் சொல்லாதே. ஊர் பெயரை நான் எழுதப் போவதில்லை.

போன வாரம் பஞ்சாயத்துக் கட்டடத்தில் அட்டைகளைச் சரிபார்த்தோம். ஸ்ரீஜாவின் பகுதியில் அரசாங்கக் கணக்குப்படி அறுபத்து நான்கு பெண்கள். அவள் கொடுத்தது அறுபத்தைந்து அட்டை. கணக்கு எடுத்தபின் வந்து சேர்ந்த மருமகள் யாராவது இருக்கும் என்று நினைத்தேன். பாலமணி அந்த ஊரின் ஆஷா பணியாளர், அதாவது அரசாங்கத்தின் கிராம சுகாதாரப் பணியாளர், அனுபவசாலி. அவள்தான் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கடைசி அட்டையில் அவள் கை நின்றது.

"இது யார் எழுதினது?"

"நான்தான் அக்கா" என்றாள் ஸ்ரீஜா.

"யார் சொல்லி?"

"எல்லவ்வா பெத்தம்மாவே சொன்னாங்க. பருத்திக் காட்டுப் பக்கம் கடைசி வீடு. கதவைத் திறக்கல. உள்ள இருந்தே பதில் சொன்னாங்க." பெரியம்மாவைத் தெலுங்கில் பெத்தம்மா என்பார்கள்.

பாலமணி அட்டையை மேஜையில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"மேடம், அந்தம்மா செத்து ஒன்றரை வருஷம் ஆச்சு. பம்பாய் பக்கம் பிவண்டியில தம்பி வீட்டுக்குப் போன இடத்துல போயிட்டாங்க. பதினோராம் நாள் சாப்பாட்டுல நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்."

அறையில் இருபது பேர் இருந்தோம். பட்டப்பகல், மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அட்டையை நான் எடுத்துப் படித்தேன். பெயர் எல்லவ்வா. வயது நாற்பத்தொன்பது. இடது மார்பில் கட்டி, உடைந்து புண். வலி உண்டா: உண்டு. எப்போது: மூச்சு விடும்போது.

ஸ்ரீஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் மெதுவாகக் கேட்டாள்: "செத்தவங்களுக்கு எதுக்கு மேடம் வலிக்கணும்?"

அட்டையை என் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் நான் அந்த வீட்டுக்குப் போகிறேன்.

சுபா


வெள்ளகோவில்
6-8-2024

சுபா கண்ணுவுக்கு,

நலம், நலமே சூழ்க. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்தேன். வீட்டில் படிக்கவில்லை. அந்தப் பெண் ஸ்ரீஜாவை இனி அங்கே அனுப்பாதே. நீயும் போகாதே. கதவைத் திறக்க விரும்பாத ஒருத்தியை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? ஊர் அவளைச் செத்தவள் என்று சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

ஒரு சந்தேகம். இந்த அட்டைகளை எத்தனை பேர் பார்ப்பார்கள்? பெயரை எழுதாமல் விவரத்தை மட்டும் அனுப்ப வழி உண்டா? படிவம் எப்படி அமைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

பதினோராம் பக்கத்தை நீ சொன்னபடியே விட்டுவிட்டேன். அடுத்த பக்கத்தில் 'சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள்' என்று வருகிறது. எவ்வளவு நேரம் ஆகும், வலிக்குமா, தங்க வேண்டியிருக்குமா என்று எதுவும் இல்லை. சேர்த்தால் நல்லது.

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று.

ருக்மிணி


லோத்குண்டா
25-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். சரிபார்த்து முடித்தபின் அட்டையை நானும் எங்கள் நிறுவன டாக்டரும் மட்டும்தான் பார்ப்போம், பூட்டி வைப்போம். துணுக்கு எடுப்பது சில நிமிஷ வேலை. லேசாக வலிக்கும், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். நீ சொன்னபடி சேர்த்துவிட்டேன்.

போகாதே என்றாய். போய்விட்டேன்.

பகல் பன்னிரண்டு மணி. முன்வாசலில் எல்லவ்வாவின் கணவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே சுவரில் எல்லவ்வாவின் போட்டோ, பிளாஸ்டிக் மாலை, சின்னச் சிவப்பு பல்பு. வேப்பிலைப் புகையும் ஃபினாயிலும் கலந்த வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. பதினான்கு வருஷம் வார்டில் இருந்தவள் நான், அது எதனுடையது என்று எனக்குத் தெரியும். "பின்னால என்ன இருக்கு?" என்று கேட்டேன். "உர மூட்டை" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்ரீஜா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். பருத்திக் காட்டைப் பார்த்த ஒரு பழைய கதவு. வழியெல்லாம் எலுமிச்சம்பழம், மஞ்சள் சோறு வைத்த இலைகள். பேய்க்கு இப்படிப் படைப்பதைத் தவிர ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் வருவதில்லையாம். வைத்த சோறு மறுநாள் இருப்பதில்லையாம், அதனால் பயம் இன்னும் கூடிவிட்டது.

கதவருகே நின்று, "பெத்தம்மா, அட்டை எழுதற மேடம் வந்திருக்காங்க" என்றாள் ஸ்ரீஜா. ஒரு காற்றுகூட இல்லை அக்கா, செடிகள் அசையாமல் நின்றன. பிறகு கதவுக்கு மிக அருகில், நான் காது வைத்திருந்த இடத்துக்கு நேரே, ஒரு குரல்.

"என் பேரை எழுதினியா?"

தெலுங்கில்தான் கேட்டாள். எழுதினோம் என்றேன்.

"படி."

படித்தேன். எல்லவ்வா, வயது நாற்பத்தொன்பது. உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொரு தடவை படி."

நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை என்னால் முடியவில்லை. "கதவைத் திறங்க, மருந்து இருக்கு" என்றேன். "செத்தவ திறக்க மாட்டா" என்றது குரல். கதவைத் தள்ளிப் பார்த்தேன். வெளியில் பூட்டு இல்லை. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த அட்டையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். பயமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதவில்லையே?

சுபா


லோத்குண்டா
28-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கல்யாண வேலையாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். எல்லோரும் நலம்தானே?

இங்கே வேலை சிதைந்துகொண்டிருக்கிறது. ஸ்ரீஜா செத்தவளோடு பேசுகிறாள், அந்தப் பேனாவால் யார் பெயரை எழுதினாலும் அவர்களும் போய்விடுவார்கள் என்று பேச்சு. முகாமுக்கு அறுபது பேரை எதிர்பார்த்தோம், பதினோரு பேர் வந்தார்கள். அந்தப் பதினொன்றில் ஒருத்திக்கு வாய்க்குள் வெள்ளைத் திட்டு. புகையிலை அடக்கும் இடம். ஆரம்பம்தான், சரியாகிவிடும். வராத நாற்பத்தொன்பது பேரில் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஸ்ரீஜாவின் மாமியார் அவளை வீட்டைவிட்டு வெளியே விடுவதில்லை. அவள் தண்ணீர் எடுக்கும் சாக்கில் அந்தக் கதவுக்குப் போய்வருகிறாள். குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன கதை இது.

எல்லவ்வாவுக்கு ஒரு மகள். ஒன்றரை வருஷத்துக்கு முன் மகளுக்கு வரன் வந்தது. கட்டி அப்போதே உடைந்திருந்தது. யாரோ சொல்லி மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. 'இந்த நோய் ரத்தத்துலயே ஓடும், இந்த வீட்டுப் பொண்ணு வேண்டாம்' என்றார்கள். அடுத்து வருகிறவர்கள் விசாரிக்கும்போது தாய் வேறு எதனாலோ செத்துப்போயிருந்தால் பரவாயில்லை, நோயோடு இருக்கக் கூடாது. எல்லவ்வாவே வழி சொன்னாளாம். பிவண்டிக்குப் போனாள். தம்பியைக் கொண்டு, காய்ச்சலில் போய்விட்டதாகச் சொல்லவைத்தாள். இங்கே காரியம் நடந்தது, சாப்பாடு போட்டார்கள், மூன்று மாதத்தில் வேறோர் இடத்தில் கல்யாணமும் நடந்தது. அதன் பிறகு தம்பி அவளை வைத்துக்கொள்ள முடியாமல் ஒருநாள் மூடின வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். கணவர் ஒருவருக்குத்தான் தெரியும். மகளுக்குத் தெரியாது. மகள் போட்டோவுக்கு மாலை போட வரும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் தாய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

போலீஸுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். ஸ்ரீஜா வேண்டாம் என்கிறாள். "உடைச்சுத் திறந்தா அவங்க உடைஞ்சுடுவாங்க மேடம். கொஞ்சம் டைம் கொடுங்க."

பதில் எழுது அக்கா. இரண்டு வரி போதும்.

சுபா


வெள்ளகோவில்
14-10-2024

சுபாவுக்கு,

ஆசிகள். கடிதங்கள் வந்தன. பள்ளிக்கு நீண்ட விடுப்புப் போட்டிருக்கிறேன், கல்யாண வேலைக்காக. ஈரோடு போய்ப் புடவைகள் எடுத்தோம். ஹர்ஷிதாவுக்கு மாம்பழ நிறம். எனக்கு அடர் மெரூன். 'ஏம்மா எல்லாமே இருட்டு கலரா எடுக்கறே' என்று கேட்டாள். வெளிர் நிறங்கள் இப்போது எனக்கு ஒத்துவருவதில்லை.

அந்தப் பெண் வலியில் அழுகிறாளா? அவள் மகளின் வாழ்க்கை நன்றாக இருக்கிறதல்லவா? அதை எழுது.

ருக்மிணி


லோத்குண்டா
3-11-2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். இது நீளமான கடிதம், தனியாக உட்கார்ந்து படி.

கதவு திறந்துவிட்டது.

ஸ்ரீஜாதான் திறக்கவைத்தாள். போன வாரம் நானும் டாக்டரும் வீட்டுப் பராமரிப்பு நர்ஸும் தள்ளி நின்றோம். அவள் கதவடியில் மண்ணில் உட்கார்ந்து அட்டையிலிருந்த பதினோரு பதிலையும் உரக்கப் படித்தாள். "பெத்தம்மா, இதெல்லாம் உயிரோட இருக்கறவங்க பதில். செத்தவங்க பேர்ல நான் அட்டை கொடுத்தா எனக்கு வேலை போயிடும். ஒண்ணு, நீங்க செத்துட்டேன்னு சொல்லுங்க, பேரை அடிச்சுடறேன். இல்லைன்னா திறங்க" என்றாள். பேனாவைத் திறக்கும் 'டிக்' சத்தம் எனக்கே கேட்டது.

பிறகு, "அடிக்காதே" என்றது குரல். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. அவளுக்குப் பலம் இல்லை. விலக்கி விலக்கி நிறுத்தினாள். உள்ளே போய் உதவ முடியாமல் அத்தனை பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

நாற்பத்தொன்பது வயதுக்காரி எழுபது போல இருந்தாள். கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள். புண்ணைப் பற்றி எழுத மாட்டேன். மருந்துப் பொடி தூவிக் கட்டினோம், நாற்றம் இரண்டு நாளில் குறைந்தது. வலிக்கு மருந்து கொடுத்தோம். அன்று மாலை தூங்கினாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தூக்கமாம். குணமாகும் கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன், இந்த அறையிலேயே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருக்கிறேன் என்றாள்.

மகளுக்குச் சொல்லி அனுப்பினோம். மூன்றாம் நாள் வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள், உள்ளே வரவில்லை. ஊர் மொத்தமும் தெருவில் நின்று பார்த்தது. பிறகு தவழ்கிற குழந்தை மாதிரி தரையோடு போய் அம்மாவின் காலை ஒரு விரலால் தொட்டாள். "சுடுது" என்றாள் எங்களைப் பார்த்து. "சுடுதும்மா." பிறகுதான் அழுதாள். "நல்ல இடத்துல கட்டிக்கொடுத்தேன்னு நிம்மதியா இருந்தேனே" என்றாள் எல்லவ்வா. மகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த நல்ல இடத்துல தினமும் உன்னை நெனச்சு அழுதேனே, அதைக் கேட்க நீ இல்லையே."

நீ கேட்டாய், அவள் மகளின் வாழ்க்கை நன்றாக இருக்கிறதா என்று. இதுதான் பதில்.

இப்போது உன்னிடம் ஒன்று. நேற்றுக் கட்டு மாற்றப் போனேன். எல்லவ்வா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

எனக்கு அக்கா இருப்பது அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. ஸ்ரீஜாவைக் கேட்டேன். அவளுக்கே தெரியாது என்று சத்தியம் செய்கிறாள். "நல்லா இருக்காங்க" என்றேன். எல்லவ்வா என்னையே பார்த்தாள். "அப்படித்தான் சொல்லுவோம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். நாற்பது ஒற்றுப்பிழை திருத்தினாய், ஆனால் நீ கேள்வி கேட்டதெல்லாம் பதினோராம் பக்கத்தையும் பன்னிரண்டாம் பக்கத்தையும்தான். பெயரில்லாமல் அட்டை அனுப்பலாமா என்று கேட்டாய். விடுப்புப் போட்டிருக்கிறாய். இருட்டு நிறத்தில் புடவை எடுக்கிறாய்.

இதனுடன் ஓர் அட்டை வைத்திருக்கிறேன், தமிழில். மேலே உன் பெயரை நானே எழுதிவிட்டேன். கேள்விகளை அப்படியே படி, பதிலை அப்படியே எழுது. உன் அபிப்பிராயத்தைச் சேர்க்காதே.

சுபா


(அட்டை மட்டும். தபால் முத்திரை: வெள்ளகோவில், 18-11-2024)

பெயர்: ருக்மிணி.
வயது: 57.
மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டு: ஆறு.
அதன்பின் இரத்தப்போக்கு உண்டா: உண்டு.
எப்போதிலிருந்து: சித்திரை.
எவ்வளவு: முதலில் துளி. ஐப்பசியிலிருந்து துணி நனைகிறது.
மருத்துவரிடம் காட்டியதுண்டா: இல்லை.
இல்லையெனில் ஏன்: தை வரட்டும் என்று.
யாருக்குத் தெரியும்: இப்போது உனக்கு.

மீதிக் கேள்விகளுக்குப் பதில் எழுத முடியவில்லை. கண் தெரியவில்லை.


லோத்குண்டா
22-12-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைக் கோவை ஆஸ்பத்திரியில் மாமாவிடமும் ஹர்ஷிதாவிடமும் விட்டுவிட்டு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. அதற்குள் கடிதமா என்று திட்டாதே. ஆபரேஷன் தையல் எப்படி இருக்கிறது? எழுந்து நடக்கிறாயா? கேன்சர் கர்ப்பப்பையோடு போயிற்று, வெளியே பரவவில்லை என்று டாக்டர் சொன்னதை ரயிலில் வரும்போது எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் தெரியுமா? உன் அட்டை கைக்கு வந்த அன்றே நான் ரயிலேறாமல், நீ தை வரைக்கும் காத்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த நினைப்பை அப்படியே நிறுத்திவிடுகிறேன்.

மாமாவைப் பற்றி ஒன்று. நாம் அவருக்குச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாரே, கோபம் என்று நினைத்தாயே. கொல்லையில் நின்று அழுதார், நான் பார்த்தேன். 'ஏழு மாசம் ஒரே ஊட்ல இருந்துட்டு எனக்குத் தெரியாமப் போச்சே' என்றார்.

எல்லவ்வா போய்விட்டாள். நான் கோவையில் இருந்தபோதே, பதினாறாம் தேதி காலையில். கதவு திறந்திருந்தது, மகள் மடியில் தலை. வலி இல்லாமல் போனாள் என்று நர்ஸ் சொன்னாள்.

நேற்று அந்த ஊருக்குப் போனேன். காரியத்தில் ஒரு சிக்கல் வந்ததாம். செத்தவள் என்று ஒருமுறை எல்லாம் செய்தாயிற்று, இரண்டாம் முறை செய்யக் கூடாது என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். தூக்க ஆளில்லாமல் வெயில் ஏறும்வரை பாடை வாசலில் கிடந்திருக்கிறது. முதலில் வந்து தோள் கொடுத்தது யார் தெரியுமா? பாலமணி. பின்னாலேயே அட்டை எழுதிய பெண்கள் ஆறு பேர். பெண்கள் தூக்கிப்போனதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லையாம். மகள்தான் கொள்ளி வைத்தாள். மருமகன் சுடுகாட்டு வேலிவரை வந்து அங்கேயே நின்றான்.

ஒன்றை மட்டும் என்னால் சரிப்படுத்திக்கொள்ள முடியவில்லை. கடைசி நாட்களில் அவள் மகளிடம், "மேடத்தோட அக்கா கதவைத் திறந்துட்டாங்க" என்றாளாம். அப்போது நாம் கோவையில் இருந்தோம். நான் போனதற்கான காரணத்தை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. வார்டு வேலையில் ஊறிய என் புத்தி, வலி மருந்தின் மயக்கம், பிதற்றல் என்கிறது. அப்படியே எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் நேற்று அந்த அறையைத் தாண்டும்போது நடை தானாக மெதுவாயிற்று.

அடுத்த முகாமுக்கு முப்பத்தெட்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். காங்கயத்துக்காரர்கள் என்ன சொன்னார்கள்?

சுபா


வெள்ளகோவில்
7-1-2025

சுபா கண்ணுவுக்கு,

படுத்தபடியே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தையல் பிரித்தாயிற்று. கூடம்வரை நடக்கிறேன். கதிர்வீச்சு வேண்டுமா என்று அடுத்த வாரம் சொல்வார்கள். மாமாவே காபி போடுகிறார், குடிக்க முடியவில்லை, குடிக்கிறேன்.

எல்லவ்வாவைப் பற்றிப் படித்ததும் உன் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். நான் அவளைப் பார்த்ததில்லை. அவள் என்னை விசாரித்தாள். உன்னைத் தவிர வேறு யாரும் கேட்காத கேள்வி அது.

காங்கயத்து விஷயம் கேட்டாய். ஹர்ஷிதாதான் பையனிடம் சொன்னாள், என்னைக் கேட்காமலே. 'என் அம்மாவை மறைச்சு வச்சுக்கிட்டு எனக்குத் தாலி வேண்டாம்' என்றாளாம். பத்து நாள் அங்கிருந்து போனே இல்லை. பத்திரிகைக் கட்டு பிரிக்காமல் கிடந்தது.

நேற்று பையனின் அம்மா வந்தார். தனியாக, பஸ்ஸில். ஹர்ஷிதா முகத்தில் ரத்தமில்லை. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார், அந்த அம்மா உட்காரவில்லை. "உங்க சம்சாரத்துகிட்டத் தனியாப் பேசோணுமுங்" என்றார். கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறார், பெண்ணின் காதில் விழாமல் சொல்ல நினைக்கிறார், நல்ல மனுஷிதான் என்று எண்ணிக்கொண்டேன்.

என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் வயிற்றைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கையிலிருந்த கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்.

"ரொம்ப வலிச்சுதுங்களா?"

"தாங்கற வலிதானுங்க" என்றேன்.

"கல்யாணம் சொன்ன தேதிக்கே நடக்கட்டும். அதுல ஒண்ணும் மாத்தமில்லீங்." சொல்லிவிட்டும் எழுந்திருக்கவில்லை. கூடத்தில் மாமா டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தார். அவருடைய வலது கை மட்டும், அவருக்கே தெரியாமல், இடது அக்குளுக்குக் கீழே, மார்பின் ஓரத்தில் போய் அழுத்திக்கொண்டிருந்தது.

சுபா, அப்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அறையில் மூன்றாவதாக ஒருத்தி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது.

"எப்போ இருந்துங்க?" என்று கேட்டேன்.

அக்கா,
ருக்மிணி